ஒஹாயோவில் ஒரு 1971 டாட்சன் 240இசட்: அசல் போன்ற பாகங்களை நம்பிச் செய்த புதுப்பிப்பு

பின்னணி

2019 மார்ச்சில் தொடங்கி 2022 ஜூனில் முடிந்த வேலை இது. கார் இருந்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊரில். உரிமையாளர் என் தெருக்காரர். அப்போது அறுபத்தெட்டு வயது. பள்ளியில் கடைசல் வேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தகடு வேலை செய்தவர் பக்கத்து ஊரில் சொந்தமாகக் கொட்டகை போட்டிருப்பவர். நான் சனிக்கிழமைகளில் கூடமாட ஒத்தாசை செய்தேன், அளவெடுத்தேன், நோட்டில் எழுதினேன். என் பிழைப்பு தரப் பரிசோதனை என்பதால் அந்த நோட்டு தேவைக்கு அதிகமாகவே தடித்துவிட்டது. இந்தக் குறிப்பு அதிலிருந்து எடுத்தது.

காரை 1971 கோடையில் புதிதாக வாங்கியவர் உரிமையாளரின் அண்ணன். 1986இல் கிளச் நழுவத் தொடங்கியதும் பண்ணைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார், அதன்பின் எடுக்கவேயில்லை. 2018இல் அவர் காலமானார், கார் தம்பியிடம் வந்தது. ஷோரூமிலிருந்து அண்ணன் ஓட்டிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது தம்பியின் விருப்பம். இந்த 'அப்படியே' என்ற சொல்தான் மூன்று ஆண்டுகளும் எங்களை ஆட்டிவைத்தது.

வண்டியைப் பற்றிச் சிறிது. 1969 அக்டோபரில் நிசான் நிறுவனம் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய காரின் ஏற்றுமதி வடிவம் இது; டாட்சன் என்பது அந்நிறுவனத்தின் வணிகப் பெயர்களில் ஒன்று. நிசானின் அமெரிக்கக் கிளையை நடத்திய யுட்டகா கடயாமா, அமெரிக்கச் சாலைக்கும் அமெரிக்கச் சட்டைப்பைக்கும் ஏற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று ஓயாமல் தலைமையகத்தை நச்சரித்தவர். 1970இல் அங்கே விலை 3,526 டாலர். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் எல்24 எஞ்சின், 2,393 சிசி, பிரிட்டனின் எஸ்.யூ. கார்புரேட்டர் தத்துவத்தில் ஹிட்டாச்சி செய்த இரட்டைக் கார்புரேட்டர்கள்; நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். சேஸ் என்று தனியாக ஒன்று கிடையாது, உடலே சட்டம். தகடு மெல்லியது, துருவுக்கு எதிரான காப்பு அன்றைய ஜப்பானியக் கார்களில் பெயரளவுக்குத்தான். குளிர்காலம் முழுவதும் சாலையில் உப்புக் கொட்டும் ஒஹாயோவில் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காருக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பிரிப்பதற்கு முன் கண்டது (மார்ச் 2019)

கதவுத் தூணில் உள்ள தகட்டில் 3/71 என்று தயாரிப்பு மாதம் தெளிவாக இருந்தது. எஞ்சின் அறைத் தகட்டில் இருந்த எண்ணும் பிளாக்கில் அடித்திருந்த எண்ணும் ஒன்றே. பிற்காலத்தில் விலை பேசும்போது இதற்கு மதிப்பு உண்டு. எங்களுக்கு அதைவிட முக்கியம், எஞ்சினை யாரும் மாற்றவில்லை என்பது.

காரின் நிறம் சிவப்பு. ஆனால் டேஷ்போர்டின் அடியிலும் பின்பக்க உட்பலகைகளின் மறைவிலும் ஆரஞ்சு தெரிந்தது. ரேடியேட்டர் சட்டத்தில் ஒட்டியிருக்க வேண்டிய நிறக் குறியீட்டு ஸ்டிக்கர் எப்போதோ போய்விட்டது. உட்பலகையின் பின்னால் வெயிலே படாத ஓர் இடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து ஒப்பிட்டதில் அது 918 எண் ஆரஞ்சு என்று உறுதியானது. அண்ணன் 1979இல் சிவப்பு அடித்ததாக உரிமையாளருக்கு மங்கலான நினைவு.

அடுத்து காந்தமும் குத்தூசியும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை என்று பொருள். நம் ஊர்ப் பட்டறையில் 'நல்லா பட்டி பார்த்திருக்கிறான்' என்பார்களே, அது இங்கே பின்சக்கர வளைவுக்கு முன்னால், கதவுக்குக் கீழே, இரு பக்கமும் இருந்தது. ஓரிடத்தில் பட்டியின் தடிமன் 11 மில்லிமீட்டர். பேட்டரித் தட்டின் அடித்தகட்டை அமிலம் தின்றிருந்தது. குத்தூசி தட்டியதும் உள்ளே போய்விட்டது. ஓட்டுநர் காலடித் தளம், அதன் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டங்கள், உதிரிச் சக்கரக் குழியின் அடி, எல்லாம் இந்த மாடலில் வழக்கமாகத் துருப்பிடிக்கும் இடங்கள்தான். வழக்கத்துக்கு மாறாக நல்ல நிலையில் இருந்தது முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தகடு. அதுவும் போயிருந்தால் இந்தக் காரைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

எஞ்சின் இறுகவில்லை. சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்து, கையால் சுற்றியபின் அழுத்தம் பார்த்தோம். ஐந்து சிலிண்டர்கள் 155 முதல் 165 பிஎஸ்ஐ வரை, மூன்றாவது 120. எஞ்சினை முழுக்கப் பிரித்துவிடலாம் என்பது உரிமையாளரின் முதல் எண்ணம். முதலில் வால்வு இடைவெளியைப் பார்ப்போம் என்றேன். மூன்றாவதின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக மூடாமல் நின்றிருந்தது. குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மில்லிமீட்டர் என்று எல்லாவற்றையும் சரிசெய்து சுற்றியதும் அழுத்தம் 150ஐத் தாண்டியது. எஞ்சினின் அடிப்பாகத்தைத் திறப்பதில்லை என்ற முடிவு அன்றே எடுத்தது. இந்த வேலையில் எடுத்த மலிவான, நல்ல முடிவு அதுதான்.

அவசரக் கொள்முதல் (ஏப்ரல் 2019)

இங்கேதான் முதல் தவறு. காரைப் பிரிப்பதற்கு முன்பே உரிமையாளர் ஏறத்தாழ 6,000 டாலருக்குப் புதிய பாகங்களை வாங்கிக் குவித்தார். கதவு, டிக்கி ரப்பர் பீடிங்குகள், கார்புரேட்டர் கிட், சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் மெத்தைபோல் உட்காரும் வளையங்கள்), தளத் தகடுகள், சின்னங்கள், இன்னும் என்னென்னவோ. எல்லாம் 'அசல் போன்றவை' என்று விற்கப்படுபவை. ஒருவரிடமே வாங்கியதில் தள்ளுபடி கிடைத்தது. அந்தப் பாகங்களை அலமாரியில் அடுக்கிவைத்த அன்று அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது எனக்கு மறுத்துப் பேச மனம் வரவில்லை. பேசியிருக்க வேண்டும்.

பெட்டிகளைத் திறந்த முதல் வாரத்திலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. பின்பக்கத் தூணுக்கு '240இசட்' என்று எழுதிய குரோம் சின்னம் வாங்கியிருந்தார். அது 1971 தொடக்கம் வரை வந்த முதல் வரிசைக் கார்களுக்கு உரியது. அவற்றில் காற்று வெளியேறும் துளைகள் டிக்கிக் கதவில் இருக்கும். 3/71இல் வந்த எங்கள் காரில் துளைகள் தூணுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அதற்கு வட்டமான 'இசட்' சின்னம். சிறிய தொகைதான் போனது. ஆனால் தன் கார் எந்த மாதத்துக் கார் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே பாகம் வாங்கியிருக்கிறோம் என்பதை அது சொல்லிவிட்டது. நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

திருப்பி அனுப்பும் காலக்கெடு மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில் நாங்கள் பிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒரு பாகத்தைக்கூடப் பொருத்திப் பார்க்கும் நிலையில் கார் இல்லை.

எதை வைப்பது, எதை மாற்றுவது

மே மாதம் மூவரும் உட்கார்ந்து பேசினோம். பழைய கார்களுக்குத் தயாரிப்பாளரே பாகம் செய்துதருவது ஜப்பானில் இப்போது பழக்கத்துக்கு வந்திருக்கிறது. முதல் தலைமுறை ரோட்ஸ்டர் காருக்கு மாஸ்டா 2017இல் புதுப்பிக்கும் சேவையை அறிவித்தபோது, மேற்கூரைத் துணி முதல் அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் வரை மறுபடி செய்தது. நிசானும் அதே ஆண்டு ஆர்32 ஜிடி-ஆர் என்ற தன் பழைய காருக்குப் பாகங்கள் தரத் தொடங்கியது. ஐம்பது வயதான எங்கள் காருக்கு அந்த அளவுக்கு வசதி இல்லை. நிசானிடம் இன்னும் கிடைக்கும் சில பாகங்கள், பழைய கையிருப்பில் கிடைக்கும் அரிய பாகங்கள், வெளியார் செய்யும் நகல்கள், காரிலேயே இருக்கும் தேய்ந்த அசல்கள். இந்த நான்கிலிருந்துதான் தேர்வு.

நாங்கள் எடுத்த நிலை இது: கையில் உள்ள அசலைச் சரிசெய்ய முடிந்தால் அதுதான் முதல் விருப்பம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அசலின் தோற்றம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், அதாவது பிரேக், பெட்ரோல், மின்சாரத்தில், இன்றைய பொருள்.

கடைசி வகையில் மூன்று மாற்றங்களுக்கு உரிமையாளர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். இந்தக் காரில் முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும் ஸ்டியரிங் தண்டில் உள்ள சுவிட்ச் வழியாகவே போகும். எங்கள் ஃப்யூஸ் பெட்டியில் பார்க்கிங் விளக்கின் ஃப்யூஸ் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. எந்த வயரையும் வெட்டாமல் இடையில் செருகும் ரிலே, அதாவது அந்த மின்னோட்டச் சுமையைத் தான் ஏற்கும் துணைச் சுவிட்ச், சேர்த்தோம். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ் போட்டோம். அசல் அளவான 175இல் நல்ல டயர் கிடைக்காததால் 195/70-14.

புஷ்களில் மட்டும் வாக்குவாதம். தகடு வேலைக்காரர் பாலியூரிதேன் போடச் சொன்னார். நெடுநாள் உழைக்கும், கார் வளைவில் கெட்டியாக நிற்கும் என்றார். இரண்டும் உண்மை. ஆனால் முன்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பியின் நுனியில் இரு பக்கமும் அதைப் போட்டால் கம்பி அசைய இடமில்லாமல் கழுத்துப் பகுதியில் மடங்கி மடங்கிக் கடைசியில் முறிந்துவிடும். இந்தக் கார்களில் பலருக்கு நேர்ந்தது அது. அங்கே நெளிந்துகொடுப்பதுதான் ரப்பரின் வேலை. எல்லா இடத்திலும் ரப்பரே என்று முடிவானது. அசல் போன்ற பாகம் வெறும் அழகுக்காக அல்ல என்று நான் வாதிட்டு வென்ற ஒரே இடம் இது.

பின்பக்க சஸ்பென்ஷனில் மாட்டிக்கொண்ட எஃகு பின் (ஜூலை 2019)

பின்சக்கரத்தின் கீழ்க்கையை அச்சுக் கூட்டோடு இணைப்பது ஒரு நீண்ட எஃகு பின். அதை நடுவில் ஒரு சிறு ஆப்பு பூட்டிவைத்திருக்கும். ஐம்பது ஆண்டு உப்பும் ஈரமும் சேர்ந்தால் பின்னும் கூடும் ஒரே உலோகமாகிவிடும். இந்தக் காரைப் பிரித்த யாரைக் கேட்டாலும் முதலில் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் இதைப் பற்றிப் பேசுவார்கள்.

வலது பக்கம் நான்கு நாள் எண்ணெய் ஊறி, ஆப்பு வெளியே வந்து, பத்து டன் பிரஸ்ஸில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தத்தோடு கழன்றது. இடது பக்கம் வரவில்லை. சூடாக்கினோம், தட்டினோம், தட்டியதில் பின்னின் நுனி காளான்போல் விரிந்து நிலைமை இன்னும் மோசமாயிற்று. சுத்தியலைக் கீழே வைத்தது ஏழாம் நாள். கூட்டுக்கும் கைக்கும் இடையே உள்ள ரப்பர் வழியாக ரம்பத்தை விட்டு இரு பக்கமும் பின்னை அறுத்து, கூட்டைத் தனியாக மெஷின் ஷாப்புக்கு எடுத்துப்போய்த் துளையிட்டு எடுத்தோம். அந்தக் கூடு வார்ப்பு இரும்பு. உடைந்தால் மாற்றுக் கிடைப்பது அரிது. முதல் நாளே அறுத்திருந்தால் ஆறு நாள் மிச்சம், அபாயமும் இல்லை.

தகடு வேலை (செப்டம்பர் 2019 – நவம்பர் 2020)

தளத்தின் மேல் சத்தத்தை அடக்க ஒட்டிய தார்ப் பாயைச் சுரண்டினால் ஒரு நாளில் ஒரு முழம் போகும். தகடு வேலைக்காரர் உலர் பனிக்கட்டி மூட்டையைக் கொண்டுவந்து தளத்தில் பரப்பினார். பத்து நிமிடத்தில் தார் கண்ணாடிபோல் விறைத்தது. சிறு சுத்தியலால் தட்டியதும் சில்லுச்சில்லாகப் பெயர்ந்தது. மதியத்துக்குள் தளம் வெறும் தகடாகிவிட்டது. கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். மூடிய இடத்தில் அந்தப் புகை மூச்சை அடைக்கும்.

வாங்கிவைத்த தளத் தகடுகள் நன்றாகவே பொருந்தின. அடிச்சட்டங்கள் பழையதன் மேல் தொப்பிபோல் கவிழும்படி சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்டவை. கீழே படுத்துப் பார்ப்பவருக்குத்தான் வேறுபாடு தெரியும். துருவின் மேல் துருவை மூட வேண்டாம் என்று பழையதை முழுக்க வெட்டியெடுத்தபின்தான் புதியதை வைத்தோம்.

பெரிய பிழை கதவடிச் சட்டத்தில் நடந்தது. கதவுகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. உடலுக்குள் குறுக்குத் தாங்கல் எதுவும் வெல்டிங் செய்யாமல் தகடு வேலைக்காரர் வலதுபக்க அடிச்சட்டத்தை முழு நீளத்துக்கு வெட்டினார். சேஸ் இல்லாத காரில் அந்தச் சட்டம்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்திருப்பது. கார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்ந்தது. புதிய சட்டத்தை வெல்டிங் செய்து கதவை மாட்டியபோதுதான் கண்டோம்: பின்விளிம்பின் மேல்பக்க இடைவெளி 1 மில்லிமீட்டர், கீழே 6. பிரிக்கும் முன் என் நோட்டில் மேலும் கீழும் 5 என்று இருந்தது. அந்த எண்கள் இல்லாவிட்டால், 'ஜப்பான்காரன் அப்படித்தான் செய்திருப்பான்' என்று விட்டிருப்போம். வெல்டிங்கை அறுத்து, கதவைச் சிறு ஆப்புகளோடு உள்ளே மூடிவைத்து, குறுக்குத் தாங்கல் போட்டு, ஜாக்கியால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி மறுபடி செய்தோம். ஏழு வாரம். தகடு வேலைக்காரர் அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை; அதை இங்கே பதிவு செய்வது நியாயம்.

2021 ஏப்ரலில் 918 ஆரஞ்சு ஏறியது.

திருப்புளியும் கார்புரேட்டரும் (2020–21 குளிர்காலம்)

கார்புரேட்டரின் மூடித் திருகுகள் நான்கில் மூன்றின் தலை ஏற்கெனவே சிதைந்திருந்தன. காரணம் எளியது. ஜப்பானியத் திருகின் சிலுவைப் பள்ளம் ஜப்பானியத் தொழில்தரப்படி வெட்டியது. தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். கடையில் வாங்கும் சாதாரண ஸ்டார் திருப்புளியின் நுனி அந்தப் பள்ளத்தின் அடிவரை போய் உட்காராது. பாதி ஆழத்தில் நின்று வழுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஜப்பானியத் தரத் திருப்புளியை வாங்கிப் பிடித்ததும் கைக்கு வேறுபாடு தெரிந்தது: பள்ளத்தில் விட்டுக் கையை எடுத்தால் திருப்புளி தானே நேராக நின்றது. கடைசல் வாத்தியாராக இருந்தவர் அதைப் பார்த்துச் சற்று நேரம் பேசவில்லை. இருபது டாலர் கருவி இல்லாமல் இருபது திருகுகளைக் கெடுத்திருந்தோம்.

போல்ட்டுகளிலும் இதே கதை. உள்ளூர்க் கடை 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 13 ஸ்பேனருக்கு. அசல் ஜப்பானிய போல்ட் 12க்கு, தலையில் '7' என்று பலக் குறியும் இருக்கும். மரை பொருந்தும், ஆனால் பானட்டைத் திறந்ததும் கண் உறுத்தும். அதனால் பழைய போல்ட்டுகளையே சுத்தம் செய்து மஞ்சள் துத்தநாக முலாம் போட அனுப்பினோம். அனுப்பும் முன் பலகையில் பரப்பிப் படம் எடுத்தது நல்லதாயிற்று. திரும்பி வந்தபோது ஒன்பது குறைந்தது.

கார்புரேட்டருக்கு வருவோம். புதிய கிட்டில் இருந்த மிதவை வால்வைப் போட்டு எஞ்சினை ஓட்டியதும் ஆறு பிளக்குகளும் கரிபிடித்தன. ஐடில், அதாவது நின்ற நிலையில் எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கி அலைந்தது. ஊசியை மாற்றினோம், ஜெட்டை ஏற்றி இறக்கினோம், இரண்டு சனிக்கிழமை போயிற்று. பிறகு பழைய வால்வையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, புதியது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குட்டை. மிதவை அதிகம் உயர்ந்தபின்தான் அது மூடுகிறது, கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறிவிடுகிறது. பெட்டியில் 'அசலுக்கு நிகர்' என்று அச்சடித்திருந்தது. மிதவை நாக்கை வளைத்துச் சமாளித்திருக்கலாம். அதற்குப் பதில் பழைய வால்வையே சுத்தம் செய்து போட்டோம். பழையது இருந்தது நல்ல வேளை: உரிமையாளர் குப்பையில் போட்ட பையிலிருந்து நான் எடுத்துவைத்தது.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்க்கக் கருவி உண்டு. உரிமையாளர் ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் முன் கார்புரேட்டர் வாயிலும் பிறகு பின் கார்புரேட்டர் வாயிலும் பிடித்தார். அந்த 'உஸ்' ஒலி இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகினார். பிறகு கருவியில் பார்த்தேன். திருத்த எதுவும் இருக்கவில்லை.

கதவு ரப்பர் (செப்டம்பர் – நவம்பர் 2021)

மூன்று ஆண்டில் எங்களை அதிகம் சோர்வடைய வைத்தது இந்தச் சாதாரண ரப்பர்ப் பட்டைதான். 'அசல் போன்ற' பீடிங்கைப் பொருத்தியதும் கதவு மூடவில்லை. தோளால் இடித்தால் பூட்டின் முதல் பல்லில் மட்டும் மாட்டியது. நாளடைவில் ரப்பர் அமுங்கும் என்று விற்றவர் சொன்னார். ஒரு மாதம் கயிற்றால் கட்டி மூடிவைத்தோம். அமுங்கவில்லை, மாறாக, புதிய பெயின்ட் அடித்த கதவு விளிம்பு ஓரிடத்தில் பெயர்ந்தது.

வெட்டிப் பார்த்தேன். பழைய ரப்பரின் குமிழ் மெல்லிய சுவரும் கடற்பஞ்சுபோன்ற மென்மையும் கொண்டது. நகலின் குமிழுக்கு வெளியளவு ஏறத்தாழ அதுவே, ஆனால் சுவர் இரு மடங்கு தடிமன், பொருளும் கெட்டி. படத்தைப் பார்த்துச் செய்தவருக்கு வடிவம் கிடைத்திருக்கிறது, அமுங்கும் குணம் கிடைக்கவில்லை. திருப்பி அனுப்ப இரண்டு ஆண்டு கடந்துவிட்டது.

இந்தக் கார்களை வைத்திருப்போரிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு தீர்வு உண்டு: 1990களில் வந்த முதல் தலைமுறை கியா ஸ்போர்ட்டேஜின் முன்கதவு பீடிங். இடுக்கிப் பிடிக்கும் பகுதியும் குமிழும் கிட்டத்தட்டச் சரியாக உட்காரும். நீளம் மட்டும் வெட்ட வேண்டும். உரிமையாளர் இரண்டு வாரம் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணனின் டாட்சனில் வேறொரு நிறுவனத்தின் ரப்பரா என்பது அவர் கேள்வி. நான் மறுக்கவில்லை, ஒரு பக்கம் மட்டும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். இரண்டு விரலால் தள்ளியதும் கதவு 'தொப்' என்று மூடியது. அடுத்த நாள் மறுபக்கத்துக்கும் வாங்கி வந்துவிட்டார். இன்றுவரை அந்தக் காரைப் பார்த்த யாரும் கதவு ரப்பரைப் பற்றிக் கேட்டதில்லை.

ஓடத் தொடங்கியபின் (ஜூன் 2022)

முதல் நீண்ட ஓட்டம் நாற்பது மைல். எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் குறையில்லை. ஆனால் காரில் இருந்த இருவருக்கும் தலைவலி, உடையெல்லாம் புகைநாற்றம். இந்த உடலமைப்பில் ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை டிக்கியின் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். மாடலின் பழைய நோய் இது. டிக்கி விளிம்பில் காகிதத் துண்டுகளை ஒரு கை இடைவெளியில் வைத்து மூடி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். இடது கீழ் மூலையில் மூன்று துண்டுகள் எதிர்ப்பே இல்லாமல் வந்தன. அங்கே நகல் ரப்பர் மூலையில் சரியாக வளையாமல் மடிந்திருந்தது. பின்விளக்குகளின் கேஸ்கட்டுகளும் ஐம்பது ஆண்டுப் பழையவை. அவற்றை மறந்தே போயிருந்தோம். இரண்டையும் சரிசெய்தபின் நாற்றம் ஏறத்தாழ நின்றது. பின்பக்க உட்பலகையின் மறைவில் உள்ள பெட்ரோல் ஆவித் தொட்டியின் வெடித்த ஹோஸ்களை மாற்றியபின் முழுக்க நின்றது.

மொத்தச் செலவு, இலவச உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல், 38,000 டாலருக்குச் சற்று மேல். 2019 ஏப்ரலில் வாங்கிய பாகங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காரில் ஏறவேயில்லை.

மறுபடி செய்தால்

காரை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பழைய பாகத்தையும் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தபின்தான் முதல் டாலரைச் செலவழிப்போம். நகல் பாகம் வந்த அன்றே அசலை அதன் பக்கத்தில் வைத்து அளப்போம். பொருத்தும் நாளுக்காகக் காத்திருக்கமாட்டோம். ரப்பர் என்றால் அளவு மட்டும் போதாது, விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். புதியது காரில் ஏறி ஒரு மாதம் ஓடும்வரை பழையது குப்பைக்குப் போகாது.

உடலை வெட்டும் முன் குறுக்குத் தாங்கல். கதவு மாட்டியபடியே இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன்பே பீடிங் உட்பட எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டிக் கழற்றியிருக்க வேண்டும். அதைச் செய்திருந்தால் கதவு விளிம்பில் பெயின்ட் பெயர்ந்திருக்காது.

மாற்றாமல் விட்டதில் ஒன்றைப் பற்றி எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு. டேஷ்போர்டு வெயிலில் வெடிக்காத 240இசட்டைக் காண்பது அரிது. இதிலும் மூன்று வெடிப்புகள். புதிய நகல் வாங்கலாம் என்கிறேன். நான் சொன்ன விதிப்படி முதலில் அசலைத்தானே சரிசெய்ய வேண்டும் என்று உரிமையாளர் என் வாயையே அடைக்கிறார். இப்போதைக்கு அது வெடிப்போடு இருக்கிறது. கடிகாரமும் ஓடவில்லை, தன் அண்ணன் காலத்திலும் அது ஓடியதில்லை என்கிறார்.